அந்தப் பேனாவை அனுப்ப மாட்டேன்

1

மன்னார்குடியிலிருந்து என் தம்பி எழுதியிருக்கிறான். தஞ்சாவூரிலிருந்து என் ஓரகத்தி எழுதியிருக்கிறாள். நான் பார்த்தே இராத ஒரு தூரத்துச் சொந்தக்காரர், தபால் இலாகாவில் வேலையாம், அவரும் எழுதியிருக்கிறார். மூன்று பேருக்கும் விஷயம் ஒன்றுதான். என்னிடம் ஒரு ஜப்பான் பேனா இருக்கிறதாம். தங்கத்தில் வேலைப்பாடு செய்ததாம். வயதான காலத்தில் அது எனக்கு எதற்காம். தம்பி மகன் காலேஜில் சேர்ந்திருக்கிறான், ஓரகத்தி மகனுக்குக் கல்யாணம், தபால்காரருக்குக் காரணம்கூட இல்லை, வெறும் ஆசை.

ஆளுக்கொரு பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. இந்தப் பத்திரிகை மன்னார்குடிக்கும் போகிறது, தஞ்சாவூருக்கும் போகிறது. எல்லோரும் ஒரே தடவையில் படித்துக்கொள்ளட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நான் சிங்கப்பூரில் செராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கழுத்தில் தாலி ஏறிய கையோடு கப்பல் ஏறி வந்தவள். எனக்கு ஒரே பெண், கமலா. அவள் ஜூரோங்கில் ஜப்பான்காரர்கள் நடத்தும் ஒரு கப்பல் பட்டறையில் மேனேஜருக்கு செக்ரட்டரி. இங்கே பேனா வந்தது அவளால்தான்.

2

ஜூரோங் என்றால் உங்களுக்குத் தெரியாது. சில வருஷம் முன்புவரை எங்களுக்கே சரியாகத் தெரியாது. சதுப்பும் இறால் குட்டையுமாகக் கிடந்த இடம். இப்போது மேட்டை வெட்டிச் சேற்றில் கொட்டித் தொழிற்சாலை கட்டுகிறார்கள். விடியும் நேரம் தேக்கா மார்க்கெட் முனையில் கம்பெனி பஸ் நிற்கும். கமலா பவுடர் பூசிக்கொண்டு ஏறுவாள், பொழுது சாயும்போது செம்மண் புழுதியோடு இறங்குவாள். என் சம்பளத்தைவிட அவள் சம்பளம் கூட. அதில் எனக்கு வருத்தமில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன், போயும் போயும் ஜப்பான்காரனிடமா என்று. "வேற எங்கம்மா வேலை இருக்கு? வெள்ளக்காரன் கம்பெனியெல்லாம் ஆள் குறைக்கிறான் லா" என்றாள், இந்த ஊர்ப் பேச்சு "லா"வோடு. வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குப் பொறுக்காதது வேறு. எங்கள் அறைக்குக் கீழே மீரான் பாயின் கடை. கடையநல்லூர்க்காரர். சோப்பிலிருந்து பேனா மைவரை எல்லாம் விற்பார். அந்தக் கட்டடத்துக்கே அவர் கடையில்தான் டெலிபோன். சில நாள் மாலையில் மேனேஜர் அதில் கமலாவைக் கூப்பிடுவார். அவள் ஓடிப்போய் எடுத்து, "ஹாய், ஹாய்" என்று, ஜப்பான் பாஷையில் 'சரி, சரி'யாம், சொல்லிக்கொண்டே குனிவாள். போனில் பேசுகிறவனுக்குத் தெரியவா போகிறது? அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் நின்றுகொண்டு, என் பெண், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜப்பான்காரனுக்கு இடுப்பு வளையக் குனிகிறாள். நாங்கள் அடிக்குப் பயந்து குனிந்ததை இவள் மரியாதை என்று பழகிக்கொண்டுவிட்டாள்.

சண்டையில் ஜப்பான்காரன் இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் பாலத்து முனையில் ஒரு சிப்பாய் நிற்பான். யார் கடந்தாலும் குனிய வேண்டும். குனிந்தது போதாது என்று அவனுக்குத் தோன்றினால் அறை. ஒருநாள் என் கணவர் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து பேனா எட்டிப் பார்த்தது. சிப்பாய் உருவினான். மூடியைக் கழற்றி உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். எழுதியது. தன் பையில் செருகிக்கொண்டான். இவர் மறுபடியும் ஒருதரம் குனிந்துவிட்டு வந்தார். பறித்தவனுக்கே நன்றி சொல்கிற மாதிரி.

தம்பி, அது கல்யாணத்தில் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட பேனா. உனக்கு ஞாபகம் இருக்கும். தாம்பாளத்தில் வைத்து நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய்.

பேனா போன கொஞ்ச நாளில் ஆளும் போனார். கமலா அப்போது கைக்குழந்தை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதம், நல்ல கூலி என்று ஒருவன் தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தானாம். ஏற மாட்டேன் என்றவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்து ஏற்றினார்களாம். வரிசையின் கடைசியில் நின்ற மீரான் பாய் சந்துக்குள் ஓடித் தப்பித்தார். என் கணவர் கையிலிருந்து விழுந்த ரேஷன் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தான். வீட்டுக்குத் திரும்பி வந்தது அந்த அட்டை மட்டும்.

சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து தப்பித்து வந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன். ஒருவர், காலராவில் போய்விட்டார், நானே மண் தள்ளினேன் என்றார். இன்னொருவர், அதற்கப்புறமும் ஒரு ஸ்டேஷனில் அவரை உயிரோடு பார்த்தேன் என்று சத்தியம் பண்ணினார். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டு பேருமே காய்ச்சலில் கிடந்தவர்கள். நான் யாரை நம்புவது? பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை.

3

சிங்கப்பூர் தனி நாடாகிவிட்டது என்று படித்திருப்பீர்கள். பழைய கட்டடங்களை இடித்து, அடுக்கடுக்காக அரசாங்க வீடுகள் எழும்புகின்றன. எங்கள் கட்டடமும் இடிபடப் போகிறது, தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மீரான் பாய் கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிக்கொண்டு, மகன் வீட்டோடு போய்விடுவார். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அரசாங்க வீட்டுக்கு மனுப் போட்டோம்.

மனுவைப் பார்த்த கிளார்க் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். கணவர் இருந்தால் அவர் வந்து கையெழுத்துப் போடட்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றான். இரண்டும் இல்லை என்றேன். பென்சிலை மேசையில் தட்டிக்கொண்டே மலாயில் கேட்டான், "இருக்காரா, இல்லையா?" இத்தனை வருஷமாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியை, பின்னால் வரிசை நிற்கிறது சீக்கிரம் சொல்லுங்கள் என்கிற குரலில் கேட்கிறான். கடைசியில் அவனே வழி சொன்னான். கணவர் இறந்துவிட்டார் என்று ஒரு சத்தியப் பத்திரம் எழுதி, பிரமாணம் வாங்கும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாருங்கள்.

கமலா ஆபீஸ் மிஷினில் அடித்துக்கொண்டு வந்தாள். இங்கிலீஷ். தமிழில் சொல்லு என்றேன். "வேலைக்காக சயாம் போனாரு, அப்புறம் ஒரு தகவலும் இல்ல, இறந்துட்டாருன்னு நம்புறேன். அவ்வளவுதாம்மா."

"வேலைக்காகவா போனார்?"

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுறாங்க. இப்படி எழுதினா சீக்கிரம் பாஸாகும் லா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வேலைக்காகப் போனாராம்! பெட்டி கட்டிக்கொண்டு, டிக்கெட் எடுத்து, சம்பளம் பேசிப் போன மாதிரி. நாளைக்கு எவனாவது அந்தத் தாளைப் படித்தால், பாவம், பிழைக்கப் போன இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதானே நினைப்பான்? கையெழுத்துப் போட மாட்டேன் என்று தாளைத் தையல் மிஷின் இழுப்பறையில் போட்டு மூடினேன். போடாவிட்டால் என் பெண்ணோடு தெருவில் நிற்க வேண்டும். போட்டால், இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தவரை நானே என் கையால் கொன்றதாகிவிடும், அதுவும் பொய் சொல்லி. நாட்கள் ஓடின. கமலா தினமும் கேட்டாள். தினமும் சண்டை. இதற்குள் நவராத்திரி வந்துவிட்டது.

4

எங்கள் வீட்டுச் சரஸ்வதி பூஜை பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஒரு பலகை, அதில் என் பாடப் புத்தகங்கள், சாக்பீஸ் டப்பா, கத்தரிக்கோல், கமலாவின் சுருக்கெழுத்து நோட்டு. தையல் மிஷினைத் தூக்கி வைக்க முடியாது, அது இருக்கிற இடத்திலேயே அதற்கும் பொட்டு. அன்று நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது கமலா பஸ்ஸிலிருந்து வந்து, கை கால் கழுவிவிட்டு, பலகையில் எதையோ வைத்தாள். நான் வந்து வரிசையாக எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டேன். கறுப்பாக, தடியாக, ஒரு பேனா இருந்தது. மீரான் பாய் கடையில் வாங்கியிருப்பாள் என்று நினைத்து அதற்கும் இட்டேன். கற்பூரம் காட்டினேன். விழுந்து கும்பிட்டேன்.

எழுந்த பிறகுதான் நன்றாகப் பார்த்தேன். ஆழமான கறுப்பு, விளக்குச் சுடர் அப்படியே அதில் தெரிந்தது. அதன் மேல் தங்கப் பொடியில் இரண்டு கொக்கு. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, தொட்டால் விரலில் தட்டுகிற மாதிரி மேலெழும்பி இருந்தது. அழகுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

யாருடையது என்று கேட்டேன்.

"என்னோடதுதாம்மா. மேனேஜர் குடுத்தாரு. அவரு ஊருக்குத் திரும்பிப் போறாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஜப்பான்காரன் பொருளுக்கா நான் கற்பூரம் காட்டினேன்? அதன் முன்னாலா விழுந்து கும்பிட்டேன்? எடுத்து ஜன்னல் வழியாகத் தெருவில் வீசக் கை நீண்டது. கமலா தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள், "பூஜையில வச்சத மறுநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதாம்மா சொல்லுவீங்க."

சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். என் கோபத்தை என் சாமியே கட்டிப்போட்டுவிட்டது.

அவள் பாட்டுக்குப் பேனாவின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஏதோ மரத்துப் பாலாம், நம் அரக்கு மாதிரி. ஒரு பூச்சுப் பூசி, உலர வைத்து, தேய்த்து, மறுபடி பூசி, மாதக் கணக்கில் வேலையாம். ஈரத்தோடு இருக்கும்போதே தங்கப் பொடியைத் தூவுவார்களாம். அடியில் பொடிப்பொடியாகச் சிவப்பு எழுத்து இருந்தது. அது என்ன என்று கேட்டேன். செய்தவர் தன் பெயரைக் கையெழுத்துப் போடுவாராம், அதுதான் வழக்கமாம்.

அதோடு போயிற்று என் பொறுமை. பேனா செய்தவன் பெயர் பேனாவில் இருக்கிறது. உங்கள் மேனேஜருடைய ஆட்கள் காட்டில் போட்டார்களே ரயில் பாதை, அதைச் செய்தவன் பெயர் எந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது? ஒரு பேனாவுக்கு மாதக் கணக்கில் பொறுமை இருக்கிறவனுக்கு, ஒரு மனுஷனுக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றப் பொறுமை இல்லையா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். உங்கள் அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரியுமா என்றும் கேட்டேன்.

"தெரியும். நான்தான் சொன்னேன். ஆபீஸ்ல அந்தப் பத்திரத்த டைப் பண்ணும்போது பாத்துட்டுக் கேட்டாரு. சொன்னேன். எந்திரிச்சு நின்னு குனிஞ்சாரு, ரொம்ப நேரம் நிமிரவே இல்ல. அடுத்த வாரம் இதக் கொண்டாந்து ரெண்டு கையாலயும் குடுத்தாரு."

"ஓஹோ. ஒரு புருஷனுக்கு ஒரு பேனாவா? ஏற்கனவே ஒண்ணப் பறிச்சிட்டுப் போனாங்களே, அதுக்கு இது ஈடாயிடுச்சா?"

கமலா எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள். அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

"உங்களுக்கு அப்பாவ நெனச்சுக் கோபப்பட முடியுதும்மா. எனக்கு அதுகூட இல்ல. அவரு மூஞ்சியே எனக்குத் தெரியாது. அப்பா எப்படி இருப்பாரு, என்ன பேசுவாருன்னு இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல. மொதல்ல கேட்டது அந்த மேனேஜர்தான். பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

சுண்டலை இரண்டு கிண்ணத்தில் போட்டு வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

5

விஜயதசமியன்று காலையில் மறுபூஜை செய்து பலகையிலிருந்து எடுக்கிறதில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த பேனாவால் முதலில் நான் ஒரு வரி எழுத வேண்டும். பிறகுதான் மற்றவர்கள். எப்போதும் மஞ்சள் தடவிய தாளில் பிள்ளையார் சுழி போட்டு, அன்றைக்கு நடத்தப்போகும் பாடத்திலிருந்து ஒரு வரி எழுதுவேன். என் பழைய பேனா அந்த வருஷம் நிப்பு உடைந்து கிடந்தது, அன்று பலகையில் இருந்த பேனா அது ஒன்றுதான்.

கமலாவை அனுப்பி மீரான் பாயிடம் மை வாங்கி வரச் சொன்னேன். பாயே புட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஜப்பான் சாமான் புதிதில்லை. இப்போது அவர் கடையில் பாதி ஜப்பான் சரக்குதான். அதற்காக நான் அவரிடம் எத்தனையோ தடவை சீறியிருக்கிறேன். "பொழப்பு டீச்சர், என்ன செய்ய?" என்பார். அன்று அவரே மை ஊற்றிக் கொடுத்தார்.

தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். கமலா அடித்த இங்கிலீஷின் கீழே இடம் இருந்தது. அங்கே தமிழில் எழுதினேன்.

என் கணவர் வேலைக்காகப் போகவில்லை. ரேஷன் அரிசிக்குப் போனார். ஜப்பான் ராணுவம் அவரை அடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. சயாம் ரயில் பாதையில் அவரைக் கொன்றுவிட்டது.

நிப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. வெண்ணெய் மாதிரி எழுதியது, சனியன். எழுதி முடித்ததும் தாளில் தலை வைத்து அழுதேன். வருஷக் கணக்காகத் தேக்கி வைத்திருந்த அழுகை. காலராவா ஸ்டேஷனா என்று இனி நான் யாரையும் கேட்க வேண்டாம். மீரான் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். கமலா என் முதுகில் கை வைத்தாள்.

மூன்று பேருமாக அதிகாரியிடம் போனோம். வயதான சீனர், தடித்த கண்ணாடி. இங்கிலீஷைப் படித்துத் தலையாட்டினார். தமிழைக் காட்டி இது என்ன என்றார். கமலா சுருக்கமாக ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள், காரியம் ஆக வேண்டுமே என்று நினைத்தேன். அவள் தாளைக் கையில் எடுத்தாள். ஒரு வரி படித்தாள், அதை இங்கிலீஷில் சொன்னாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் மழுப்பவில்லை. கொன்றதற்கு இங்கிலீஷில் 'கில்ட்' என்று எனக்கும் தெரியும். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நிறுத்திக்கொண்டு, மறுபடி தெளிவாகச் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வீட்டில் யார் போனார்களோ, இந்த ஊரில் யார் வீட்டில்தான் போகவில்லை? லாரியைக் கண்ணால் பார்த்தீர்களா என்று மீரான் பாயிடம் மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றார் பாய். கமலாவிடம், நீ சொன்னதை இதன் கீழேயே இங்கிலீஷில் எழுது என்றார். அவள் அதே பேனாவால் எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, கணவர் பெயரை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். மற்ற இடத்தில் கமலா சொல்லிவிடுவாள். அன்றும் அவள் வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வைத்தியலிங்கம்" என்றேன்.

அதுவரை அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அதிகாரி முத்திரை குத்தினார்.

6

வீடு கிடைத்துவிட்டது. மாடியில் நல்ல காற்று. குழாயில் எப்போதும் தண்ணீர். கமலாவுக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார், புதுக் கட்டடத்துக் கீழ்க் கடை போனில் இப்போதும் குனிகிறாள், இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அப்பாவைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்கிறாள். மீசை வைத்திருந்தாரா, தோசை பிடிக்குமா, கோபம் வருமா என்று. நானும் சொல்கிறேன். பழைய மேனேஜர் நல்ல மனுஷராகவே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். அவர் குனிந்தது அவரோடு. என் கோபம் என்னோடு.

பேனாவில் அப்புறம் நான் மை ஊற்றவில்லை. கழுவித் துடைத்து அதன் மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். சந்தனம் துடைத்தவுடன் போய்விட்டது. குங்குமம் போகவில்லை. கொக்கு இறக்கையின் இடுக்கில் புகுந்துகொண்டு நிற்கிறது. கமலா துணியால் தேய்த்தாள், மீரான் பாய் பஞ்சால் எடுத்துப் பார்த்தார், வரவில்லை.

இப்போது உனக்கு வருகிறேன், தம்பி. இதையெல்லாம் உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். உன் அத்தான் இறந்துவிட்டார் என்று நான் முதன்முதலாக எழுதியது உனக்குத்தான். அதில் பேனாவைப் பற்றி இரண்டே வரி. நீ பதில் எழுதினாய். அத்தான் ஆத்மா சாந்தியடையட்டும் என்று ஒரு வரி. இறந்துவிட்டார் என்று சர்க்காருக்கே எழுதிக் கொடுத்த பிறகு நீ இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு திரிந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் அக்கா, அழித்துவிடு என்று இரண்டு வரி. மிச்சமெல்லாம் பேனா. நிப்பு தங்கமா, பெட்டியோடு அனுப்புவாயா, கஸ்டம்ஸில் பிடிப்பார்களா. அந்த நாலு பேருக்கும் நீயே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருப்பாய் போலிருக்கிறது, அவர்களும் பேனா கேட்டு எழுதுகிறார்கள்.

உன் மகனுக்கு மீரான் பாய் கடையில் நல்ல பேனாவாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன். நன்றாகப் படிக்கட்டும். இந்தப் பேனாவை அனுப்ப மாட்டேன். அடுத்த நவராத்திரிக்கும் அது என் பலகையில்தான் இருக்கும், அதற்கும் நான்தான் பொட்டு வைப்பேன். பேனாவில் ஒட்டிய குங்குமத்தையே எங்களால் துடைக்க முடியவில்லை. என் நெற்றியில் இருப்பதை அழிக்கச் சொல்ல நீ யாரடா?